நூற்றில் பன்னிரண்டு

காற்று அடித்ததால்தான் போப்கோ கூட வந்தான். இல்லையென்றால் செப்டம்பரில், இறால் கொழுத்துக் கரைப்பக்கம் வருகிற நாளில், பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்பதற்காகப் படகைக் கட்டிப்போடுகிற ஆளில்லை அவன். வடமேற்குக் காற்று மூன்று நாளாக ஓயவில்லை. வட கடலோரத்து லவர்சோக் துறைமுகத்தில் படகுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. கடலுக்குப் போகாத ஆண்கள் காபியைக் குடித்துக் குடித்து வீட்டுப் பெண்களின் காலைச் சுற்றிவந்தார்கள். ஃபென்னா கோட்டை மாட்டும்போது, "சும்மா உக்காந்திருக்கறதுக்கு நானும் வரேன்" என்றான். அவளுக்கு அது பிடித்திருந்தது. சொல்லவில்லை.

ஃபென்னாவுக்கு அறுபது வயது. துறைமுகத்து இறால் கொட்டகையில் சல்லடை இயந்திரத்தின் முன்னால் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறாள். படகிலேயே கடல் தண்ணீரில் வேகவைத்துக் கொண்டுவருகிற பொடி இறாலைப் பெரிசு சிறிசாகப் பிரித்து, நண்டுக்குஞ்சையும் பாசியையும் பொறுக்கிப் போடுகிற வேலை. பதினைந்து வயதிலிருந்து கையால் சுருட்டிய சிகரெட். ஐம்பது தாண்டிய, புகைபிடிக்கிறவர்களின் நுரையீரலை ஸ்கேன் எடுத்துப் பார்க்கிற ஆய்வு ஒன்று க்ரோனிங்கன் நகரத்தில் நடக்கிறது என்று கொட்டகைச் சுவரில் தாள் ஒட்டியிருந்தார்கள். கூட வேலை செய்யும் ஹேஸ்கெதான், "வாடி, ரெண்டு பேரும் போவோம், அங்க காபி ஓசி" என்று இழுத்துப் போனாள். ஹேஸ்கெயின் நுரையீரல் சுத்தம் என்று கடிதம் வந்தது. ஃபென்னாவுக்குக் கடிதம் வரவில்லை, போன் வந்தது.

டாக்டர் ஆக்கெமாவுக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. மேசைமேல் பாதி தின்ற ஆப்பிள் பழுப்பேறிக் கிடந்தது. திரையை இவர்கள் பக்கம் திருப்பினாள். கறுப்புக்கு நடுவில் சாம்பல் கிளைகள், அவற்றுக்கு நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு.

"வலது நுரையீரல், மேல் மடல்ல ஒரு சின்ன முடிச்சு இருக்கு. குறுக்களவு ஏழு மில்லிமீட்டர். கன அளவு நூத்தி எண்பது கன மில்லிமீட்டர்."

"புற்றா?" என்றான் போப்கோ. அந்த வார்த்தையைக் காரில் வந்த ஒரு மணி நேரமும் இருவரும் சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

"இப்பச் சொல்ல முடியாதுங்க. இந்த அளவுல தெரியறது பெரும்பாலும் பழைய தழும்பா இருக்கும், எப்பவோ வந்துபோன சளியோட மிச்சமா இருக்கும். வளருதா, எவ்வளவு வேகமா வளருதுன்னு பாக்கணும். வேகம்தான் அதோட குணத்தைச் சொல்லும். நானூறு நாளுக்குள்ள ரெண்டு மடங்காச்சுன்னா எடுத்துடறது நல்லது. மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன்."

"மூணு மாசம் அதைப் பாத்துக்கிட்டு சும்மா இருக்கணுமா?"

"இப்பவே ஊசியால துளி எடுத்துச் சோதிக்கவும் முடியாது, சின்னது. தேவையில்லாம நெஞ்சைத் திறக்கறதுல ஆபத்து அதிகம்." டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "ஆய்வுக்காக ஒரு புரோகிராம் வெச்சிருக்கோம். முடிச்சோட ஓரம், உள்ள எவ்வளவு அடர்த்தி, பக்கத்து ரத்தக்குழாய் எப்படிப் போகுதுங்கறதெல்லாம் பாத்து, வளருமா வளராதான்னு கணிக்கும். அதை வெச்சு நான் முடிவெடுக்கறதில்ல. நீங்க கேட்டா மட்டும் சொல்றேன்."

"கேக்கறேன்" என்றாள் ஃபென்னா.

"இந்த மாதிரி முடிச்சு இருக்கற நூறு பேர்ல எண்பத்தெட்டுப் பேருக்கு வளராதுன்னு சொல்லுது."

ஃபென்னாவின் தோள் இறங்கியது. எண்பத்தெட்டு. அதைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"மிச்சம் பன்னெண்டு?" என்றான் போப்கோ.

திரும்பி வரும் வழியில் கடலணையின் மேல் ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. போப்கோ ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"ஏழு மில்லி ரெண்டு மடங்கானா பதினாலு. அது வரைக்கும் விடுவாங்களாமா?"

"கன அளவுன்னு சொன்னாங்க. அகலம் இல்ல."

"என்ன வித்தியாசம்?"

அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை அந்த வீட்டில் இறைச்சி உருண்டை. கொத்துக்கறியில் ரஸ்க் தூளும் முட்டையும் ஜாதிக்காயும் போட்டுப் பிசையும்போது ஃபென்னாவின் கை நின்றது. தராசை எடுத்தாள். ஒரே எடையில் மூன்று பங்கு நிறுத்தாள். ஒன்றைத் தனியாக உருட்டினாள். மற்ற இரண்டையும் சேர்த்து ஒரே உருண்டையாக உருட்டினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, "போப்கோ, உன் அளவுகோலை எடுத்துட்டு வா" என்றாள்.

இஞ்சின் தண்டின் தேய்மானம் பார்க்கிற இரும்பு அளவுகோலோடு வந்தான். சின்னது ஆறு சென்டிமீட்டர். பெரியது ஏழரையைச் சற்றுத் தாண்டியது. மறுபடி அளந்தான். அளவுகோலில் கொழுப்பு ஒட்டியது.

"இது ரெண்டு மடங்கா?"

"நீயே நிறுத்துப் பாரு."

நிறுத்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப ரெண்டு மடங்கா வளந்தாலும் கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாதுன்னுதான் மிஷின் அளக்குது."

"உனக்கு இது ஆறுதலா இருக்கா?"

"ஆமா."

"எனக்கு இல்ல" என்றான். அன்று இரண்டு உருண்டைகளையும் வெண்ணெயில் பொரித்து, உருளைக்கிழங்கின் மேல் குழம்பு ஊற்றிக் கொடுத்தாள். பெரியதை அவன் தொடவில்லை.

காற்று நின்றது. போப்கோ திங்கள் காலை கடலுக்குப் போனால் வெள்ளி மத்தியானம் வருவான். ஃபென்னா கொட்டகைக்குப் போனாள், சல்லடை முன்னால் நின்றாள். இறால் ஓடும் பட்டையைப் பார்த்தபடியே நாளை எண்ணினாள். இருமல் வந்தால் நிறுத்தி, இது பழைய இருமலா புதுசா என்று யோசித்தாள். முதுகில் பிடித்தால் அதுதானோ என்று நினைத்தாள். ஒருநாளைக்கு இருபது சிகரெட் நாலாகக் குறைந்தது. அந்த நாலும் ருசிக்கவில்லை.

அக்டோபர் கடைசியில், பத்து மணிக் காபிக்கு உட்கார்ந்தபோது ஹேஸ்கெ ஃபென்னாவின் பக்கத்தில் நெருங்கி வந்தாள்.

"ஏண்டி, ஜெர்மனில அறுத்துக்கப் போறியாமே. எங்கிட்டகூட சொல்லல."

"யாரு சொன்னா?"

"என் வீட்டுக்காரன்தான். போப்கோ ரேடியோல பேசினானாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சர்ஜன், உடனே எடுத்துடுவாராம். நவம்பர் எட்டாம் தேதி வாங்கியிருக்கானாம்."

"ரேடியோலயா?"

"ஆபத்துக்குன்னு வெச்சிருக்கற பதினாறாம் சேனல்ல இல்ல, கவலைப்படாத. ஆனா எல்லாப் படகும் கேட்டுருக்கும்."

ஃபென்னா காபியை முழுசாகக் குடித்து முடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். வெள்ளிக்கிழமை வரை அந்தக் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தாள்.

அவன் டீசல் வாசனையோடு உள்ளே வந்து பூட்ஸைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள். "என் நெஞ்சு எப்ப உன் ரேடியோல போற சமாச்சாரமாச்சு?"

போப்கோ ஒரு பூட்ஸோடு நின்றான். "உங்கிட்ட இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

"வட கடல்ல இருக்கறவன் எல்லாருக்கும் சொல்லிட்டு, கடைசியா எனக்கு."

"கேளு, ஃபென்னா. கூடையில ஒன்னு கெட்டதோன்னு சந்தேகம் வந்தா நீ என்ன பண்ணுவே? எடுத்து எறிவே. மூணு மாசம் வெச்சுப் பாப்பியா?"

"நான் கூடை இல்ல."

"பன்னெண்டு பேருன்னு சொன்னாங்களே, அது உன் காதுல விழவே இல்ல."

"உன் காதுல எண்பத்தெட்டு விழல."

அவன் இன்னொரு பூட்ஸையும் கழற்றிச் சுவரோரம் வைத்தான். சத்தமாகத்தான் வைத்தான். "சும்மா உக்காந்து அது வளர்றதைப் பாக்கச் சொல்றியா? என்னால முடியல. வலை இழுக்கும்போதும் அதுதான், இறால் வேகவைக்கும்போதும் அதுதான். எடுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது."

"டெர்க்குக்கும் அப்படித்தான் முடிஞ்சுது."

டெர்க் ஃபென்னாவின் அண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவனுடைய நுரையீரலிலும் ஒரு பொட்டு தெரிந்தது. சந்தேகத்தோடு இருக்கமாட்டேன், எடுத்துவிடுங்கள் என்று அவனே பிடிவாதமாகக் கேட்டு அறுத்துக்கொண்டான். உள்ளே இருந்தது பழைய காய்ச்சலின் தழும்பு, வேறொன்றுமில்லை. எல்லோரும் கேக் வெட்டினார்கள். அறுத்த நுரையீரலில் சளி கட்டி, பத்தொன்பதாவது நாள் போய்விட்டான். யாரும் தப்புச் செய்யவில்லை. சில சமயம் அப்படி ஆகும் என்றார்கள்.

"எட்டாம் தேதி நான் வரமாட்டேன்" என்றாள் ஃபென்னா. "நீ வேணா போயி உன் நெஞ்சைக் காட்டிட்டு வா."

அடுப்பில் கொதித்த பட்டாணி சூப்பைக் கரண்டியால் கிண்டினாள். கரண்டி நேராக நிற்கிற அளவுக்குக் கெட்டியாகியிருந்தது. போப்கோ தட்டை நீட்டினான். அந்த வாரக் கடைசி முழுக்க, உப்பை எடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. திங்கள் காலை படகேறப் போகும்போது வாசலில் நின்று, "போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றான். "சரி" என்றாள் அவள்.

டிசம்பரில் இரண்டாவது ஸ்கேன். இந்த முறை காற்று இல்லை. கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. இருந்தும் போப்கோ வந்தான்.

"நூத்தித் தொண்ணூத்தி நாலு" என்றாள் டாக்டர்.

"வளந்திருக்கு" என்று எழுந்தேவிட்டான் போப்கோ.

"உக்காருங்க. மூச்சு கொஞ்சம் கூடக்குறைய இழுத்தாலே அளவு மாறும். ஒரே நாள்ல ரெண்டு தடவை எடுத்தாலும் இந்த அளவு வித்தியாசம் வரும். நாலுல ஒரு பங்குக்கு மேல கூடினாத்தான் வளந்துச்சுன்னு கணக்கு. இது எட்டு சதவீதம்கூட இல்ல."

"அப்ப வளரலியா?"

"வளந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. அடுத்த செப்டம்பர்ல பாப்போம். அதுக்கு நடுவுல எடை குறைஞ்சா, எச்சில்ல ரத்தம் வந்தா உடனே கூப்பிடுங்க."

"ஒன்பது மாசம்" என்றான் போப்கோ, யாரிடமோ சொல்வதுபோல. "ஒரு புள்ளையே பொறந்துடும்."

டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஃபென்னா சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபின் கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஜனவரியில் சிகரெட்டை விட்டாள். வைராக்கியம் எதுவும் இல்லை. ஒருநாள் காலையில் புகையிலைப் பொட்டலம் ஈரத்தில் ஊறிப் போயிருந்தது, வேறு வாங்கவில்லை. பிப்ரவரியில் வாய்க்கால்கள் உறைந்தன. ஏப்ரலில் ஆடுகள் குட்டி போட்டன. ஜூனில் இறால் வற்றிப்போய்ப் படகுகள் பெயிண்டுக்காகக் கரையேறின. ஃபென்னா ஒவ்வொரு சனிக்கிழமையும் எடை பார்த்தாள். அரைக் கிலோ குறைந்தால் சீஸை இரண்டு துண்டு கூட வைத்துச் சாப்பிட்டாள். போப்கோ ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் எடைமேடையில் அவள் ஏறும் சத்தம் கேட்டால் பேப்பரைப் புரட்டுவதை நிறுத்திவிடுவான்.

செப்டம்பர் வந்தது. டாக்டர் ஆக்கெமா திரையைத் திருப்புவதற்கு முன்னால் நாற்காலியை அவர்கள் பக்கம் இழுத்துப் போட்டாள். அப்போதே ஃபென்னாவுக்குத் தெரிந்துவிட்டது.

"முந்நூத்தி எண்பது" என்றாள் டாக்டர். "போன செப்டம்பர்ல நூத்தி எண்பது இருந்தது. ரெண்டு மடங்காக முந்நூத்தி நாப்பது நாள் எடுத்திருக்கு. நானூறுக்குக் கீழ. பழைய தழும்பு இப்படி வளராது."

அறைக்கு வெளியே யாரோ சக்கர வண்டி தள்ளிக்கொண்டு போனார்கள். ஃபென்னா பக்கத்தில் திரும்பினாள். போப்கோ இப்போது கத்துவான், ஒரு வருஷமாக அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டுவான், நான் அன்றைக்கே சொன்னேனே என்பான் என்று நினைத்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அகலம் எவ்வளவு?" என்றான்.

"ஒன்பது மில்லிமீட்டர்."

"ஏழு ஒன்பதாயிருக்கு. ரெண்டு மில்லிதானே. இன்னும் மூணு மாசம் பாத்துட்டு முடிவு பண்ணலாமே."

ஃபென்னாவுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம் வந்தது. டாக்டர், "வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க. ஆனா ரொம்ப நாள் தள்ளாதீங்க" என்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் போப்கோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்காமல் நின்றான்.

"ரெண்டு மில்லியா?" என்றாள் ஃபென்னா. "நீயேதானே அளந்தே. கறி கையில ஒட்ட ஒட்ட அளந்தியே."

"தெரியும்."

"போன வருஷம் அறு அறுன்னு குதிச்சே. ஜெர்மனி வரைக்கும் போனே."

அவன் காரின் கூரையைப் பார்த்தான். கடற்காக்கை எச்சம் காய்ந்திருந்தது. அதை நகத்தால் சுரண்டினான். "அப்ப நீ மாட்டேன்னு சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். அதான் தைரியமா கத்தினேன்."

அவள் காரைச் சுற்றி அவன் பக்கம் வந்தாள்.

"டெர்க்கைத் தூக்கிட்டுப் போனப்ப நானும் ஒரு தோள் குடுத்தேன், ஃபென்னா. மழை பேஞ்சு கல்லறைப் பாதை வழுக்கிச்சு. பெட்டி என் பக்கம் சாஞ்சுடுமோன்னு ஒரே பயம். அந்தப் பாரம் இன்னும் இங்க இருக்கு." வலது தோளைத் தொட்டுக் காட்டினான். "உன்னை என்னால தூக்க முடியாது."

முப்பத்தேழு வருஷக் கல்யாணத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. அவன் கையிலிருந்து சாவியை வாங்கினாள்.

"நான் அறுக்கவே மாட்டேன்னு சொன்னேனா? தெரியாம அறுத்துக்க மாட்டேன்னு சொன்னேன். இப்பத் தெரிஞ்சுபோச்சு. உக்காரு, நான் ஓட்டறேன்."

"பயமா இல்லையா உனக்கு?"

"இருக்கு. கால்சட்டை ஈரமாயிடும் போல இருக்குன்னு உங்கப்பன் புயல்ல சொல்லுவாராமே, அந்த மாதிரி இருக்கு. ஏறு."

"எங்கப்பன் அதைச் சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவாரு" என்றான் போப்கோ. ஆனால் ஏறி உட்கார்ந்தான்.

அக்டோபர் பதினான்காம் தேதி அறுத்தார்கள். அக்குளுக்குக் கீழே மூன்று துளை, அதன் வழியாக வலது நுரையீரலின் மேல் மடலை எடுத்தார்கள். நான்கு மணி நேரம். போப்கோ படகைக் கரையில் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி உணவகத்தில் ஒரே கோப்பைக் காபியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஹேஸ்கெ வந்து கூட உட்கார்ந்தாள். "பேசணும்னா பேசு, இல்லன்னா நான் பேசறேன்" என்றாள். அவள்தான் பேசினாள். இறால் கொட்டகையில் புதிதாக வந்த மேஸ்திரி முதல் தன் மூட்டுவலி வரை நாலு மணி நேரமும் நிறுத்தவில்லை. அதற்காக அவளுக்கு என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று போப்கோ பிறகு சொன்னான்.

முதல் நாள் விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கியது. இரண்டாம் நாள் நடக்கவைத்தார்கள். இருமச் சொன்னார்கள், தலையணையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு இருமினாள், கண்ணில் பூச்சி பறந்தது. பத்தொன்பதாவது நாள் வரை போப்கோ தினமும் காலையில் அவள் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தான். பத்தொன்பதாவது நாள் வீட்டில்தான் இருந்தாள். அன்று முழுக்க அவன் கடலுக்கும் போகவில்லை, உட்காரவுமில்லை. இருபதாவது நாள் காலையில் எழுந்து ஜன்னல்களையெல்லாம் துடைத்தான்.

நவம்பர் நடுவில் முடிவு வந்தது. புற்றுதான். பரவவில்லை. சுற்றியிருந்த நெறிக்கட்டி எல்லாம் சுத்தம். மருந்து ஏற்ற வேண்டியதில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். டாக்டர் ஆக்கெமா சொல்லி முடித்ததும் போப்கோ நீளமாக மூச்சை விட்டான். "இதவிட மோசமா இருந்திருக்கலாம்" என்றான். அந்தக் கரையில் அதற்கு மேல் ஒரு சந்தோஷ வார்த்தை கிடையாது.

"போன வருஷமே எடுத்திருந்தா?" என்று ஃபென்னா கேட்டாள். அவன் கேட்கமாட்டான் என்று தெரிந்ததால் அவளே கேட்டாள்.

"இதே மடலைத்தான் எடுத்திருப்பாங்க. அப்ப உங்க மாதிரி நூறு பேருக்குத் திறந்திருந்தா எண்பத்தெட்டுப் பேருக்குச் சும்மா திறந்திருப்பாங்க."

"நான் அந்தப் பன்னெண்டுல ஒருத்தி."

"ஆமா." டாக்டர் ஒரு தாளை எடுத்து வைத்தாள். "அதைப் பத்தித்தான் கேக்கணும். உங்க மூணு ஸ்கேனையும் அந்தப் புரோகிராமுக்குக் குடுக்கலாமா? வளராதவங்களோடது எங்ககிட்ட நிறைய இருக்கு. வளந்தவங்களோடதுதான் குறைவு. அது எந்த இடத்துல தப்பாக் கணிச்சுதுன்னு இதை வெச்சுத்தான் கத்துக்கும். பேரு இருக்காது, நம்பர்தான்."

"பேரு போட்டா என்னவாம்" என்றான் போப்கோ. "அவதானே சுமந்தா."

"சும்மா இரு" என்றாள் ஃபென்னா. தாளைப் படித்தாள். மெதுவாக, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "அடுத்து வர்றவளுக்கு இது சரியாச் சொல்லுமா?"

"கொஞ்சம் சரியாச் சொல்லும்."

கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "அப்படியே ஸ்கேனுக்குச் சேர்ற தாளும் ஒன்னு குடுங்க. இவனும் நாப்பது வருஷமா ஊதறான். படகுல ஊதினா கணக்கில்லன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்."

"எனக்கு ஒன்னும் இல்ல" என்றான் போப்கோ.

"எனக்கும் ஒன்னும் இல்லாமத்தான் காபி குடிக்க வந்தேன்."

போப்கோ டாக்டரைப் பார்த்தான். டாக்டர் இழுப்பறையில் தாளைத் தேடுவதில் மும்முரமாக இருந்தாள். அவன் பேனாவை வாங்கிக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து, பனிமூட்டமான ஒரு வியாழக்கிழமை, சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அவன் கனமான கதவுக்குப் பின்னால் போனான். ஃபென்னா வெளியே, அவன் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோட்டுப் பையில் புகையிலைப் பொட்டலம் தட்டுப்பட்டது. எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடலாமா என்று நினைத்தாள், அவனே செய்யட்டும் என்று விட்டுவிட்டாள். எதிர்ச் சுவரில் கடிகாரம் இல்லை. கதவு சரியாகச் சாத்தவில்லை போலிருக்கிறது, உள்ளே இயந்திரம் சுழல்கிற சத்தம் கேட்டது. பிறகு பதிவு செய்த ஒரு பெண்குரல் அவனிடம், மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள், அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள் என்றது.

ஃபென்னாவும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். தைத்த இடம் இழுத்தது. கோட்டின் காலரை இறுக்கிப் பிடித்தாள். இயந்திரம் சுழன்றுகொண்டே இருந்தது. விடலாம் என்று அந்தக் குரல் சொல்வதற்கு வெகு முன்னாலேயே அவளுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. இன்னொன்று இழுத்து, மறுபடியும் பிடித்துக்கொண்டாள்.